கரை நின்றது, கலிங்கு போனது – ஓரோவில் அணையின் கதை

(கட்டுரையாளர் நம் கல்லூரியின் 1974-ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர், ஓய்வுபெற்ற பொறியாளர்)

மலர்க் குழுவினர் போன் செய்து, "சார், இந்தத் தடவை ஹாஸ்டல் மெஸ் கதை வேண்டாம். ஏதாவது உருப்படியா எழுதிக் கொடுங்க. இப்போ படிக்கிற பசங்களும் மலரை வாசிக்கிறாங்க" என்றார்கள். மெஸ் சாம்பாரைத் தவிர எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் தண்ணீர்தான். முப்பத்தாறு வருடம் ஏரி, வாய்க்கால், அணை என்று அலைந்தவன் நான். ஆகவே ஓர் அணையின் வரலாற்றை எழுதுகிறேன். அணை இருப்பது அமெரிக்காவில். ஆனால் கதை நமக்கும் சம்பந்தப்பட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2017 பிப்ரவரியில், கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில் வசிக்கும் என் மகள் போன் செய்தாள். "அப்பா, இங்கே பக்கத்துல ஒரு அணை உடையப் போகுதாம். லட்சக்கணக்கான பேர் ஊரைக் காலி பண்ணிட்டு வர்றாங்க" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, "மண் அணையா, கான்கிரீட் அணையா?" என்பதுதான். "அதெல்லாம் எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள் அவள். மண் அணை என்று செய்தியில் பார்த்ததும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆறு வருடம் கழித்து, 2023 ஜூனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை சான் பிரான்சிஸ்கோ போகலாம் என்றார். நான் ஓரோவில் போகலாம் என்றேன். "சர்வீஸ்ல பார்த்ததெல்லாம் போதாதாப்பா? இங்கேயும் வந்து அணையா?" என்று மகள் சிரித்தாள். ஆனாலும் அழைத்துப் போனாள். சாக்ரமென்டோவிலிருந்து வடக்கே சுமார் 70 மைல்.

அன்று நீர்த்தேக்கம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு மலையே சரிந்து படுத்திருப்பது போல அணையின் மண் சரிவு. அதற்குச் சற்றுத் தள்ளி, மலைச் சரிவில் புத்தம் புதிய வெள்ளைக் கான்கிரீட்டில் ஒரு பிரம்மாண்டமான ஓடை கீழே ஆற்றுக்கு இறங்கியது. அந்த வெள்ளைக் கான்கிரீட்டைப் பார்க்கத்தான் நான் போனேன்.

அணை எதற்காக வந்தது?

கலிபோர்னியாவில் மழையும் பனியும் அதிகம் கிடைப்பது வடக்கே. மக்கள் அதிகம் வாழ்வதும், விவசாயம் தண்ணீருக்குத் தவிப்பதும் தெற்கே. வடக்கின் தண்ணீரைத் தேக்கித் தெற்கே கொண்டுபோக வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் பல வருடக் கனவு. சியர்ரா நெவாடா மலையிலிருந்து இறங்கும் ஃபெதர் ஆறு அதற்குப் பொருத்தமாக இருந்தது. ஆனால் அந்த ஆறு சாது அல்ல. 1955 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில் கரையை உடைத்துக்கொண்டு யூபா சிட்டி என்ற ஊருக்குள் புகுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்ணீர் தேவை ஒருபுறம், வெள்ள பயம் மறுபுறம். இரண்டும் சேர்ந்து அணைக்கு வழி செய்தன.

கவர்னர் பேட் பிரௌன் மாநில நீர்த் திட்டத்தை முன்னின்று நடத்தினார். அதற்காக 175 கோடி டாலர் கடன் பத்திரங்கள் வெளியிடலாமா என்று 1960 நவம்பரில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். தண்ணீரைக் கொடுக்க வேண்டிய வடபகுதி எதிர்த்தது. வாங்கப் போகும் தென்பகுதி ஆதரித்தது. (ஆற்றுநீர் விஷயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான் போலிருக்கிறது.) மிகக் குறைந்த வித்தியாசத்தில் திட்டம் தேறியது. அந்தத் திட்டத்தின் தலைவாசல்தான் ஓரோவில் அணை.

கூழாங்கல்லில் எழுந்த மலை

அணையின் உயரம் 770 அடி. அமெரிக்காவில் இதைவிட உயரமான அணை இன்றைக்கும் இல்லை. நீளம் 6,920 அடி, அதாவது இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். கொட்டிய மண்ணும் கல்லும் சுமார் 8 கோடி கன கஜம். நிறைந்தால் சுமார் 154 டி.எம்.சி. தண்ணீர் கொள்ளும். நம் மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

இவ்வளவு பொருளும் எங்கிருந்து வந்தது என்பது ஒரு சுவாரஸ்யமான கதை. ஓரோவில் என்ற பெயரிலேயே 'ஓரோ' இருக்கிறது. ஸ்பானிய மொழியில் பொன் என்று பொருள். ஒரு காலத்தில் இங்கே தங்க வேட்டை மும்முரமாக நடந்தது. ஆற்றுப் படுகையை இயந்திரம் வைத்துத் தோண்டி, தங்கத்தைச் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த கூழாங்கல்லை மைல் கணக்கில் குவித்துவிட்டுப் போனார்கள். ஒன்றுக்கும் உதவாத குவியல் என்று கிடந்த அந்தக் கல்தான் அணையின் உடம்பானது. ராட்சதச் சக்கரம் பொருத்திய இயந்திரம் அதைத் தோண்டியது. பத்து மைலுக்கு மேல் தனி ரயில் பாதை போட்டு இரவும் பகலும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மண் அணை என்றால் மண்ணைக் கொட்டிக் குவிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. நடுவில் தண்ணீர் ஊடுருவாத களிமண் வயிறு. அதை அணைத்துக்கொண்டு இருபுறமும் சலித்த மணலும் சரளையும். அதற்கு வெளியே பாரம் தாங்கும் கல்லும் கூழாங்கல்லும். ஒவ்வோர் அடுக்காகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, ரோலர் ஓட்டி இறுக்கி ஏற்ற வேண்டும். இங்கே அந்த வேலையை மனசாட்சியோடு செய்தார்கள். அணை பாதி உயர்ந்திருந்த 1964 டிசம்பரிலேயே அதற்குப் பரீட்சை வந்தது. விநாடிக்கு 2,50,000 கன அடி என்ற கணக்கில் வெள்ளம் வந்து மோதியது. அரைகுறை அணை நின்றது மட்டுமல்ல, வெள்ளத்தின் வேகத்தைக் குறைத்துக் கீழேயிருந்த ஊர்களையும் காப்பாற்றியது.

1967 அக்டோபரில் கரை முழு உயரம் எட்டியது. 1968 மே 4 அன்று திறப்பு விழா. அதற்குள் 34 தொழிலாளர்கள் உயிரிழந்திருந்தார்கள். 1965 அக்டோபர் 7 அன்று சுரங்கப் பாதைக்குள் இரண்டு வேலை ரயில்கள் நேருக்கு நேர் மோதி இறந்த நால்வரும் அவர்களில் அடக்கம்.

தண்ணீருக்கு அடியில் போனவற்றையும் சொல்ல வேண்டும். கொங்காவ் மைடு என்ற பூர்வகுடி மக்களின் பழைய ஊர்களும் மூதாதையரின் புதைநிலங்களும் மூழ்கின. தங்க வேட்டைக் காலத்துப் பிட்வெல் பார் என்ற ஊரும் மூழ்கியது. அந்த ஊரில் 1856-இல் நட்ட ஓர் ஆரஞ்சு மரத்தை மட்டும் வேரோடு பெயர்த்து மேட்டு நிலத்தில் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். மரத்தைப் பெயர்த்து நட முடிந்தது. முன்னோர்களின் எலும்புகளை என்ன செய்ய முடியும்? அணை கட்டியவன் நான். இருந்தாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மாடித் தொட்டியும் சம்ப்பும்

இந்த அணையின் இன்னொரு சிறப்பு அதன் மின்நிலையம். மின்நிலையம் கண்ணில் படாது. அணைக்குப் பக்கத்து மலைப் பாறையைக் குடைந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். மாநிலத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த எட்வர்ட் ஹயாட் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். ஆறு இயந்திரங்கள். மூன்று, தண்ணீர் விழுந்தால் மின்சாரம் தருபவை. மற்ற மூன்றும் இரண்டு வேலை செய்பவை: தண்ணீர் கீழே வரும்போது டர்பைன், திருப்பிச் சுழற்றினால் பம்ப்.

நம் வீட்டு உதாரணமே போதும். தரையில் ஒரு சம்ப், மாடியில் ஒரு தொட்டி. கரண்ட் இருக்கும்போது மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றி வைக்கிறோம், வேண்டும்போது திறந்துவிடுகிறோம். ஓரோவிலில் மாடித் தொட்டி என்பது பெரிய நீர்த்தேக்கம். சம்ப் என்பது கீழே தெர்மலிட்டோ என்ற இடத்தில் உள்ள அடுத்தடுத்த சிறு தேக்கங்கள். ஊருக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பது, நள்ளிரவில் மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும்போது அதே தண்ணீரின் ஒரு பகுதியை மறுபடி மேலே ஏற்றுவது – இதுதான் வடிவமைப்பு. ஏற்ற ஆகும் மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்காது; இப்படிப்பட்ட நிலையங்களில் சுமார் கால்பங்கு நஷ்டம். "அப்போ எதுக்கு சார் இந்த வேலை?" என்று ஜூனியர்கள் என்னிடம் கேட்டதுண்டு. நள்ளிரவில் வாங்க ஆளில்லாத சரக்கை, மாலை ஆறு மணிக்கு எல்லோரும் கியூவில் நிற்கும்போது விற்கிறோம். அதுதான் லாபம். மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைக்க மனிதன் கண்ட பழைய, நம்பகமான வழி இது.

கோவை மாவட்டத்தில் வால்பாறைப் பக்கம் இருக்கும் நம் காடம்பாறை நிலையமும் இதே தத்துவம்தான். மேலே காடம்பாறை, கீழே மேல் ஆழியாறு; பூமிக்கு அடியில் 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். 1987-இலிருந்து 1989-க்குள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. இன்று காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவிட்டன. வெயில் நேரத்தில் மிஞ்சுவதை மாலைக்கு எடுத்துவைக்க இந்த மாடித் தொட்டிகளுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க.

தெர்மலிட்டோ தேக்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அணையின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் ஐஸ் போல இருக்கும். அந்தப் பகுதியில் நெல் விளைகிறது. குளிர்ந்த நீர் நெற்பயிருக்கு ஆகாது. பரந்த, ஆழமில்லாத தேக்கத்தில் வெயில் பட்டுச் சூடேறிய பிறகே வயலுக்குப் போகிறது. கலிபோர்னியாவில் நெல் வயலைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

கலிங்கு என்னும் உயிர்நாடி

நம் ஊர் ஏரியைத் தெரிந்தவர்களுக்கு அடுத்த விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. மண் கரைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உள்ளே கசியும் நீர். மற்றது தலைக்கு மேல் வழியும் நீர். கான்கிரீட் அணையின் தலை மேல் தண்ணீர் வழிந்தால் அது கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடிக்கலாம். மண் அணையின் தலை மேல் வழிந்தால் அரித்துக்கொண்டே இறங்கி அணையையே கொண்டுபோய்விடும். அதனால்தான் நம் முன்னோர்கள் ஏரிக்கரை போட்டவுடனே ஒரு ஓரத்தில் கலிங்கு கட்டினார்கள். மதகு பாசனத்துக்கு. கலிங்கு கரையின் உயிருக்கு.

ஓரோவிலுக்கு இரண்டு கலிங்குகள். பிரதானக் கலிங்கு, ஷட்டர் வைத்தது. அதன் கீழே சுமார் 3,000 அடி நீளத்துக்குக் கான்கிரீட் ஓடை. இன்னொன்று அவசரக் கலிங்கு: சுமார் 1,730 அடி நீளமுள்ள கான்கிரீட் தடுப்பு. தேக்கத்தின் நீர் 901 அடி மட்டத்தைத் தாண்டினால் தானாக அதன் மேல் வழியும். வழிந்த நீர் விழும் இடத்தில் கான்கிரீட் கிடையாது. மரமும் மண்ணும் மூடிய வெறும் மலைச் சரிவு. "அடியில் நல்ல பாறை இருக்கிறது, தாங்கும்" என்பது நம்பிக்கை.

1975 ஆகஸ்ட் 1 அன்று ஓரோவில் அருகே 5.7 அளவில் நிலநடுக்கம் வந்தது. கரை அசைந்து கொடுத்து நின்றது. 1997 ஜனவரி வெள்ளத்தில் பிரதானக் கலிங்கு வழியாக விநாடிக்கு 1,60,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அதையும் சமாளித்தது. ஐம்பது வருடம் ஒரு தடவைகூட அவசரக் கலிங்கு வழியவில்லை. ஒரு விஷயம் ஐம்பது வருடம் சரியாக நடந்துவிட்டால், அது என்றைக்கும் சரியாகவே நடக்கும் என்று மனசு நம்பிவிடுகிறது.

நடுவில் எச்சரிக்கை வராமல் இல்லை. 2005-இல் மூன்று சுற்றுச்சூழல் அமைப்புகள், "அவசரக் கலிங்கின் கீழே கான்கிரீட் போடுங்கள். வெறும் மலைச் சரிவு தாங்காது, அரித்துக்கொண்டு போகும்" என்று மத்திய ஒழுங்குமுறை அமைப்பிடம் எழுத்து மூலமாகவே கேட்டார்கள். விதிமுறைப்படி இருப்பதே போதும் என்று பதில் வந்தது. கோப்பு மூடப்பட்டது.

2017 பிப்ரவரி – அந்த ஒரு வாரம்

பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. மழைக் காலம் உச்சத்தில். பிரதானக் கலிங்கில் விநாடிக்குச் சுமார் 55,000 கன அடி போய்க்கொண்டிருந்தது. 1997-இல் போனதில் மூன்றில் ஒரு பங்குதான் அது. ஓடையின் நடுவில் தண்ணீர் திடீரென்று நிறம் மாறித் துள்ளியது. ஷட்டரை இறக்கிப் பார்த்தால், கான்கிரீட் தளத்தில் வீடு புகும் அளவுக்குப் பள்ளம்.

இப்போது இருதலைக் கொள்ளி எறும்பு நிலை. ஷட்டரைத் திறந்தால் பள்ளம் பெரிதாகும். திறக்காவிட்டால் தேக்கம் நிறைந்து, என்றுமே சோதிக்காத அவசரக் கலிங்கு வழியும். இதில் மின்நிலையமும் சிக்கிக்கொண்டது. அரித்த பாறையும் மண்ணும் ஆற்றில் குவிந்து, மின்நிலையத்தின் வெளிவாயில் பக்கம் நீர்மட்டம் உயர்ந்தது. நிலையத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வழியாகப் போக வேண்டிய தண்ணீரும் நின்றது. ஓடையில் அதிகம் விட்டால் அரிப்பு உயர்மின் கோபுரங்களை நோக்கித் திரும்பிவிடும் என்றும் பயம். ஆகவே பிரதானக் கலிங்கில் நீரை அளந்து விட்டார்கள். அவசரக் கலிங்கின் பாறை மோசம் என்று மண்ணியல் தெரிந்தவர்களும் சிவில் பொறியாளர்களும் அந்த நாட்களில் சொன்ன ஆலோசனை எடுபடவில்லை.

பிப்ரவரி 11, சனிக்கிழமை காலை, வரலாற்றில் முதல் தடவையாக அவசரக் கலிங்கு வழிந்தது. மறுநாள் வழிந்தது அதிகபட்சம் சுமார் 12,500 கன அடி. லட்சக்கணக்கில் தாங்கும் என்று கணக்குப் போட்ட இடம் அது. 'நல்ல பாறை' என்று நம்பியது மண்ணாகக் கரைந்தது. அரிப்பு கீழிருந்து மேலாகக் கலிங்கின் அடித்தளத்தை நோக்கி ஏறியது. தடுப்புச் சுவர் கவிழ்ந்தால் 30 அடி உயரத் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கும். ஞாயிறு மாலை, ஊரைக் காலி செய்ய உத்தரவு. சுமார் 1,88,000 பேர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்கள். என் மகள் போன் செய்தது அப்போதுதான்.

பொறியாளர்கள் வேறு வழியில்லாமல் உடைந்த பிரதானக் கலிங்கையே நம்பி, 1,00,000 கன அடிக்கு ஷட்டரைத் தூக்கினார்கள். ஓடை சிதறியது, ஆனால் தேக்கத்தின் மட்டம் இறங்கியது. இரவு எட்டு மணி வாக்கில் அவசரக் கலிங்கு வழிவது நின்றது. பிப்ரவரி 14 அன்று மக்கள் வீடு திரும்பினார்கள். தங்கக் குப்பையில் கட்டிய அந்த மண் கரைக்கு அந்த வாரம் முழுவதும் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணை சொன்னது

அரசுக்கு வெளியே உள்ள நிபுணர் குழு ஒன்று விசாரித்து 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதைப் பொறியியல் மாணவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும் என்பேன்.

கான்கிரீட் தளத்துக்கு அடியில் போட்ட வடிகால் குழாய்கள் தளத்துக்குள்ளேயே துருத்திக்கொண்டிருந்தன. அந்தந்த இடத்தில் தளம் மெலிந்துபோனது. குழாய்க்கு நேர் மேலே, கட்டிய கொஞ்ச காலத்திலேயே விரிசல்கள் வந்தன. விரிசல் வழியாகத் தண்ணீர் அடியில் இறங்கியது. வடிகால்களில் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தது. பார்த்தவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. "இந்த ஓடைக்கு இது சகஜம்" என்று எடுத்துக்கொண்டார்கள். விரிசலைப் பூசினார்கள், மறுபடி விரிந்தது, மறுபடி பூசினார்கள். தளத்தின் அடியில் பல இடங்களில் இருந்தது உளுத்த பாறை. கட்டுவதற்கு முன்பே எழுதிய மண்ணியல் குறிப்புகளில் அது இருந்தது. பின்னால் ஆய்வுக்குப் போனவர்கள் கண்ணுக்குத் தெரிந்த தளத்தைப் பார்த்தார்கள். பீரோவில் இருந்த அந்தப் பழைய காகிதத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

இன்னொரு தகவல் என்னை உலுக்கியது. அந்தக் கலிங்கின் முக்கிய வடிவமைப்பாளர், மேற்படிப்பு முடித்து நேராக வேலைக்கு வந்தவர். அதற்குமுன் அவருக்கிருந்த வேலை அனுபவம் ஒன்றிரண்டு கோடை விடுமுறை மட்டுமே. கரைக்குப் பெரிய பெரிய ஆலோசகர்கள் வந்தார்கள். 'வெறும் ஓடைதானே' என்று நினைத்த வேலை புதுப்பையன் மேஜைக்குப் போனது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம்மில் எத்தனை பேர் அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம்!

குழு எந்தத் தனி மனிதரையும் குற்றவாளியாக்கவில்லை. துறை, ஒழுங்குமுறை அமைப்புகள், தொழில் பழக்கம் எல்லாம் சேர்ந்து நீண்டகாலமாகத் தவறியதுதான் காரணம் என்று எழுதியது. பழுது பார்க்கச் செலவு சுமார் 110 கோடி டாலர். 175 கோடி டாலர் கடன் பத்திரத்தில் தொடங்கிய திட்டம் அது என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டாலரின் மதிப்பு மாறிவிட்டது என்றாலும் மனசு கணக்குப் போடத்தான் செய்கிறது. புதிய கலிங்கில் 2019 ஏப்ரலில் தண்ணீர் விட்டார்கள். அவசரக் கலிங்கின் கீழேயும் இப்போது கான்கிரீட் இருக்கிறது.

நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

இந்தக் கதை ஏன் நமக்குச் சம்பந்தப்பட்டது என்று கடைசியில் சொல்வதாகச் சொன்னேன்.

1979. நான் சர்வீசில் சின்னப் பையன். என் பொறுப்பில் ஒரு பழைய ஏரி. ஊர் பெயர் வேண்டாம். வருடா வருடம் பருவமழைக்கு முன் ஏரியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அங்கே ஒரு லஸ்கர் இருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. கரையில் நின்றபடி நான் பதிவேட்டை எடுத்தபோது, "சார், கலிங்குக்குக் கீழே ஒரு தடவை இறங்கிப் பாருங்க. தளத்துக்கு அடியில சத்தம் மாறியிருக்கு. கம்பால தட்டினா காலியா கேக்குது" என்றார். எனக்கு அன்று சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "போன வருஷமும் நல்லாத்தானே இருந்தது, பெரியவரே" என்று சொல்லிவிட்டு, போன வருடத்து வரியைப் பார்த்து, 'கலிங்கும் தளமும் நல்ல நிலையில் உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசியில் ஏரி நிறைந்து கலிங்கு வழிந்தது. மூன்றாம் நாள் தளம் உள்வாங்கி, கலிங்கில் பாதி சரிந்தது. கரை நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஏரி ஒரே இரவில் காலி; அந்த வருடம் ஆயக்கட்டில் சம்பா விளையவில்லை.

விசாரணை நடந்தது. பழுதை முன்கூட்டியே மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை என்று லஸ்கர் மேல் எழுதினார்கள். அவருக்கு இன்கிரிமென்ட் நின்றது. அவர் தெரிவித்தார் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் சொன்னார், எழுத்தில் இல்லை என்பதால் எடுபடவில்லை. இன்னொருவன் வாயைத் திறக்கவில்லை. பதிவேட்டில் இருந்த என் வரி ஒழுங்காக இருந்ததால் என்னை யாரும் கேட்கவே இல்லை. அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். சில வருடம் கழித்து நான் தேடிப் போனேன். அதற்குள் அவர் இல்லை.

அதற்குப் பிறகு சர்வீஸ் முடியும்வரை, இறங்கிப் பார்க்காமல் நான் எந்தக் கலிங்கைப் பற்றியும் எழுதியதில்லை. அது பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஓரோவில் அறிக்கையில் 'சகஜம்' என்று எடுத்துக்கொண்டார்கள் என்று வாசித்தபோது, எனக்குக் கலிபோர்னியா ஞாபகம் வரவில்லை. அந்தச் சாயங்கால பஸ்தான் ஞாபகம் வந்தது.

படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு

2021 ஆகஸ்ட் 5 அன்று, ஓரோவில் நீர்த்தேக்கம் வறண்டு, ஹயாட் மின்நிலையம் நிறுத்தப்பட்டது. தண்ணீர் போதாமல் அது நின்றது அதன் வரலாற்றிலேயே முதல் தடவை. நாலரை வருடத்துக்கு முன் தண்ணீர் மிஞ்சி நின்ற அதே நிலையம். 2023-இல் நான் பார்த்தபோது தேக்கம் விளிம்பு தொட்டு நின்றது. மழை இனி பழைய கணக்குப்படி வரப்போவதில்லை. சூரியனையும் காற்றையும் நம்பும் மின்சாரத்துக்கு மாடித் தொட்டி அணைகள் இன்னும் பல வேண்டியிருக்கும். அவற்றைக் கட்டப் போவதும் பார்த்துக்கொள்ளப் போவதும் நீங்கள்தான்.

உங்கள் முதல் வேலை பெரிய அணையாக இருக்காது. யாரும் முக்கியம் என்று நினைக்காத ஒரு வடிகாலோ, ஓடையோ, தளமோ உங்கள் மேஜைக்கு வரும். பழைய கோப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று மேலே உள்ளவரிடம் கேளுங்கள். கம்பால் தட்டிப் பார்த்தவர் சொல்வதை, அவர் பெயரோடு பதிவேட்டில் எழுதுங்கள். நாளைக்கு அவரைக் காப்பாற்ற அந்த ஒரு வரிதான் இருக்கும்.

சந்திப்பு நாளில் நம் பழைய ஹைட்ராலிக்ஸ் லேப் பக்கம்தான் இருப்பேன். விருப்பமுள்ள மாணவர்கள் வந்து பேசலாம். ஓரோவில் போட்டோக்கள் கொண்டுவருகிறேன்.